அருவியில் நீராடிய பின்: ஒரு நாள் பயணமும் ஊராட்சியின் முன்னேற்பாடும்

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, சாரல் தென்காசிச் சமவெளியில் இறங்கத் தொடங்கியதும் குற்றாலத்து விடுதிகள் நிரம்பிவிடுகின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும், அண்டையிலுள்ள கேரளத்திலிருந்தும் மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து தங்குகின்றனர். அவர்கள் வருவது அருவியில் நீராட. ஆயினும் அருவியில் நீராடுவது ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். மிஞ்சிய பகற்பொழுதை எங்கே கழிப்பது என்ற வினா விடுதியில் தங்கும் ஒவ்வொரு குடும்பத்திற்கும் எழுகிறது. அந்த வினாவுக்கு விடை தேடிப் புறப்படும் வண்டிகளே செங்கோட்டை, பண்பொழி, மேக்கரை, ஆய்க்குடி, சுந்தரபாண்டியபுரம் முதலிய ஊர்களின் சாலைகளில் வந்து நிற்கின்றன.

இங்ஙனம் விடுதியிலிருந்து காலையில் புறப்பட்டு மாலையில் திரும்புவதை ஒரு நாள் பயணம் என்கிறோம். இதனை வகுப்பது விடுதிக்காரரின் வேலை, அல்லது வாடகைக் கார் ஓட்டுநரின் வேலை என்று நம்மில் பலர் எண்ணிவிடுகிறோம். அந்த எண்ணத்தால் நேரும் நஷ்டம் ஊருக்கே உரியது. திட்டமின்றி வருபவர் காலித் தண்ணீர்ப் பாட்டிலை நம் வாய்க்கால் கரையில் எறிந்துவிட்டு, பணத்தைத் தம் பையிலேயே திரும்ப எடுத்துச் செல்கிறார். ஊர் வகுத்த திட்டப்படி வருபவர் இளநீர் பருகி, ஊரார் சமைத்த உணவை உண்டு, வீட்டுக்கு வேண்டிய தேங்காயும் எலுமிச்சையும் வாங்கி, குப்பையை உரிய இடத்தில் போட்டுச் செல்கிறார். வருபவர் ஒருவரே, வேறுபாடு ஊரின் முன்னேற்பாட்டில் இருக்கிறது. அந்த முன்னேற்பாட்டைப் பண்பொழி வட்டாரத்தை உதாரணமாகக் கொண்டு இங்கே படிப்படியாக ஆராய்வோம்.

வருவோரின் நாளும் பொழுதும்

முதலில் அறியவேண்டுவது, வருபவர் எப்பொழுது வருகிறார், எத்தனை நாழிகை நம்மிடம் இருப்பார் என்பதாகும். சாரல் காலத்தில் விடுதியில் தங்குவோர் விடியற்காலையில் பேரருவிக்கோ, ஐந்தருவிக்கோ, பழைய குற்றாலத்திற்கோ சென்று நீராடுவர். காலை உணவு முடிய 9 மணி ஆகிவிடும். மாலை 5 மணிக்கு மேல் மீண்டும் அருவிக்குச் செல்ல விரும்புவர். ஆகவே 9 மணி முதல் 4 மணி வரை உள்ள 7 மணி நேரமே ஒரு நாள் பயணத்திற்கு உரிய பொழுது. இதில் சாலையிற் செல்லும் நேரத்தைக் கழித்தால் எஞ்சுவது 5 மணி நேரம். ஊராட்சி திட்டமிட வேண்டியது இந்த 5 மணி நேரத்திற்குத்தான்.

இரண்டாவதாக, வருவோர் எல்லா நாளும் ஒரே அளவில் வருவதில்லை. சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் கூட்டம் பெருகும். கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலைக்குச் செல்லும் ஐயப்ப பக்தர்கள் குற்றாலத்தில் நீராடிச் செங்கோட்டை வழியாக மலையேறுவர். இவை முன்கூட்டியே தெரிந்த நாட்கள்.

முன்கூட்டித் தெரியாத நாள் ஒன்று உண்டு. அருவியில் வெள்ளம் பெருகிக் குளிக்கத் தடை விதிக்கப்படும் நாள் அது. அன்று விடுதிகளில் உள்ளோர் அனைவரும் ஒரே வேளையில் வெளியூர்களுக்குப் புறப்படுகின்றனர். வழக்கமாக 40 வண்டி வரும் ஊருக்கு அன்று அதைப்போல் இரு மடங்கோ மூன்று மடங்கோ வரக்கூடும். மேலும், அருவியில் தடையென்று கேட்டு ஏமாந்தவர்கள் ஓடை கண்ட இடத்தில் இறங்கிக் குளிக்க முற்படுவர். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்ததை நாம் மறக்கலாகாது. நாம் நிற்கும் இடத்தில் மழை இல்லாவிடினும் மலைமேல் பெய்த மழை சில நிமிஷங்களில் கீழே வந்துவிடும். இதனை உள்ளூரார் அறிவர், வெளியூரார் அறியார். அறிந்தவர் அறியாதவருக்குச் சொல்லவேண்டிய கடமை உண்டு.

எத்திசையில் எவை உள்ளன

பயணம் வகுப்பவர் திசைகளைத் தெளிவாக மனத்திற் கொள்ளவேண்டும். குற்றாலத்தை நடுவாக வைத்துப் பார்த்தால் மூன்று திசைகளில் மூன்று பயணங்கள் அமைகின்றன.

மேற்கே செங்கோட்டையைக் கடந்து கணவாய் வழியாகச் சென்றால் கேரளத்து ஆரியங்காவு, பாலருவி, தென்மலை ஆகியவை வரும். 1904இல் திறக்கப்பெற்ற கொல்லம்–செங்கோட்டை இரயில் பாதையும் இவ்வழியே செல்கிறது. அது அகலப் பாதையாக மாற்றப்பட்டு 2018இல் மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டது. பதிமூன்று கண் பாலத்தைக் காணவென்றே பலர் இப்பாதையில் பயணம் செய்கின்றனர். இது முழு நாளையும் எடுத்துக்கொள்ளும் பயணம்.

கிழக்கே தென்காசி காசி விசுவநாதர் கோயிலும், அதனைத் தாண்டிச் சுந்தரபாண்டியபுரத்து வயல்களும் உள்ளன. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அங்கே சூரியகாந்தி பூக்கும்போது அதனைக் காணக் கேரளத்திலிருந்து வரும் கூட்டம் மிகுதி. இது அரை நாட் பயணம்.

வடக்கே உள்ளது நமது பயணம். இலஞ்சிக் குமாரர் கோயிலில் தொடங்கி, செங்கோட்டை வழியாகப் பண்பொழித் திருமலைக் குமாரசுவாமி கோயிலை அடைந்து, மேக்கரை அடவிநயினார் அணையின் பக்கம் சென்று, கிழக்கே திரும்பி ஆய்க்குடிப் பாலசுப்பிரமணியர் கோயில் வழியாகத் தென்காசி சேர்ந்து, குற்றாலம் திரும்புவது. மூன்று முருகன் தலங்களையும் ஒரே வட்டத்தில் காணலாம். சென்ற வழியே திரும்பவேண்டிய அவசியமும் இல்லை. வழியெங்கும் நெல்வயல், தென்னந்தோப்பு, குளம், பின்னணியில் மலை. திருமலை உச்சியில் நின்று கிழக்கே பார்ப்பவர் காண்பது கார் பருவத்து நாற்று நட்ட பசுமையே. அக்காட்சியை உண்டாக்கியவர் உழவர். அவருக்கு அதில் ஒரு காசும் வருவதில்லை என்பதை நாம் சிந்திக்கவேண்டும்.

பயணம் வகுக்கும் விதிகள்

ஒரு நாள் பயணத்திற்குச் சில விதிகள் உண்டு. அவற்றை விடுதிக்காரரும் ஓட்டுநரும் ஊராட்சியும் ஒருங்கே கடைப்பிடித்தால் எல்லோருக்கும் நலம்.

முதல் விதி: ஒரு நாளுக்கு ஒரு திசை. பாலருவியும் வேண்டும், சூரியகாந்தியும் வேண்டும், திருமலையும் வேண்டும் என்று ஒரே நாளில் ஓடுபவர் எந்த ஊரிலும் கால் மணி நேரம்கூட நிற்பதில்லை. நில்லாதவர் எதையும் வாங்கார். ஊரின் நடைமுறையையும் கேளார்.

இரண்டாம் விதி: நிற்கும் இடங்கள் மூன்றுக்கு மேல் வேண்டா. முதியோரும் குழந்தைகளும் உடன் வருவர் என்பதை மறக்கலாகாது.

மூன்றாம் விதி: கோயிலின் நேரத்தைக்கொண்டே மற்ற நேரங்களைக் குறிக்கவேண்டும். நண்பகலில் நடை சாத்திய பின் வந்து சேர்ந்தவர் மாலைவரை காத்திருப்பதில்லை, மனக்குறையோடு திரும்பிவிடுவர். கோயில் அலுவலகத்தில் கேட்டு, நடை திறக்கும் நேரத்தையும் சாத்தும் நேரத்தையும் விடுதிகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் இக்குறை நீங்கும்.

நான்காம் விதி: மலையடிவாரத்தையும் காட்டுச் சாலையையும் அந்தி சாய்வதற்கு வெகு முன்னரே விட்டுத் திரும்பவேண்டும். மேக்கரை, வடகரைப் பகுதிகளில் காட்டு யானைகள் தென்னந்தோப்புகளுக்குள் இறங்கிவருவது அங்குள்ள உழவர் அனைவரும் அறிந்ததே. பண்பொழி, மேக்கரை வழியாக அச்சன்கோவிலுக்குச் செல்லும் சாலை காட்டினூடே போகிறது. வனத்துறைச் சோதனைச் சாவடியின் விதிகளை மீறி அங்கே எவரையும் அனுப்பலாகாது.

ஐந்தாம் விதி: மழைக்கு மாற்றுத் திட்டம் ஒன்று கையில் இருக்கவேண்டும். மலையடிவாரத்தில் கனமழை பெய்தால் அணைப்பக்கம் போவதை விட்டு, ஆய்க்குடிக்கோ தென்காசிக்கோ நேரே சென்றுவிடவேண்டும்.

ஒரு மாதிரிப் பயணம்

இவ்விதிகளின்படி அமைந்த பயணம் ஒன்றைக் காண்போம். காலை 8 மணிக்கே புறப்பட்டு 8.30 மணிக்கு இலஞ்சி. அங்கே அரை மணி நேரம். 10 மணிக்குள் பண்பொழி. படியேற வல்லவர் படி வழியாகவும், இயலாதவர் மலைச்சாலை வழியாகவும் மேலே சென்று வழிபட்டு 11.30 மணிக்குக் கீழே இறங்குவர். இறங்கியவருக்குத் தாகமும் களைப்பும் மிகுந்திருக்கும். ஊரின் வியாபாரத்திற்கு இதுவே சிறந்த வேளை. அடிவாரத்தில் நிழலும், குடிநீரும், இளநீரும், கழிப்பிடமும் இருக்கவேண்டும்.

12.30 மணிக்கு உணவு. எல்லைப் பரோட்டாவுக்குப் புகழ் உண்டு. அதை நாடுவோர் செங்கோட்டைக்கும் பிரானூருக்கும் செல்வர். அதற்குப் போட்டியாக நாம் பரோட்டாக் கடை வைக்கவேண்டுவதில்லை. திருநெல்வேலிச் சீமையின் உளுந்தஞ்சோறும், எள்ளுத் துவையலும், அவியலும், கூட்டாஞ்சோறும் மகளிர் குழுவினர் சமைத்துப் பரிமாறினால், வெளியூரில் கிடைக்காத பண்டம் என்று விரும்பி உண்பர். முதல் நாள் மாலைக்குள் விடுதி மூலமாக எண்ணிக்கை சொல்லியனுப்புவோருக்கு மட்டும் சமைப்பது என்று வைத்துக்கொண்டால் உணவு வீணாகாது, முதலும் முடங்காது. உணவு விற்க உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்வது அவசியம்.

2 மணிக்கு அணைப்பக்கம். தண்ணீரில் இறங்காமல், அனுமதிக்கப்பட்ட இடத்தில் நின்று பார்த்துவிட்டு 3 மணிக்குத் திரும்பவேண்டும். 4 மணிக்குள் ஆய்க்குடி. 5 மணிக்குக் குற்றாலம். முன்னே கூறிய பொழுதுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் கூடியதற்குக் காரணம் வழிபாட்டு நேரமே. அவ்வாறு கூட்டவிரும்பாதவர் அணையை விட்டுவிடலாம்.

ஒரு சிறு கணக்கு

மேற்கூறியவை விருந்தினரின் கணக்கு. இனி ஊரின் கணக்கைப் பார்ப்போம். கணக்கு விளங்குவதற்காக, ஓர் ஊருக்கு நாளொன்றுக்கு 40 வண்டிகளும், வண்டிக்கு 5 பேராக 200 பேரும் வருவதாக வைத்துக்கொள்வோம். காலம் 100 நாட்கள்.

தண்ணீர்: குடிக்க ஒருவருக்கு 1 லிட்டர் வீதம் 200 லிட்டர். கைகால் கழுவவும் கழிப்பிடத்திற்கும் 10 லிட்டர் வீதம் 2,000 லிட்டர். ஆக 2,200 லிட்டர். கூட்டம் மிகும் நாளை எண்ணி, தினமும் 3,000 லிட்டர் நிரப்பிவைக்க வேண்டும். ஊர்க் குடிநீர்க் குழாயிலிருந்து இதனை எடுத்தால் மாலையில் தெருவில் குடம் வரிசையில் நிற்கும், பூசல் வரும். ஆகவே இதற்கெனத் தனித் தொட்டி வேண்டும்.

குப்பை: ஒருவர் ஒரு பாட்டில் போட்டாலும் நாளைக்கு 200, 100 நாளைக்கு 20,000. இவ்வளவும் ஒரு குளத்தின் கலிங்கிலும் மடைவாயிலும் வந்து அடைத்தால், பிசானத்திற்குத் தண்ணீர் திறக்கும் நாளில் உழவர் மண்வெட்டியோடு போய் முதலில் பாட்டிலைத்தான் வாரவேண்டியிருக்கும்.

செலவு: துப்புரவுக்கு இருவர். ஒருவருக்கு நாட்கூலி 500 ரூபாய் என்றால் இருவருக்கு 1,000 ரூபாய். 100 நாளைக்கு 1,00,000 ரூபாய்.

வரவு: ஊராட்சிக்குச் சொந்தமான இடத்தில் வண்டி நிறுத்த 25 ரூபாய் வீதம் 40 வண்டிக்கு 1,000 ரூபாய், 100 நாளைக்கு 1,00,000 ரூபாய். நிறுத்தக் கட்டணம் துப்புரவுச் செலவுக்குச் சரியாகிவிட்டது. இக்கட்டணத்தைத் தீர்மானத்தின்படி, ரசீது கொடுத்து வாங்கவேண்டும். வேறு செலவுக்கு மாற்றலாகாது.

உழவர் வருமானம்: 200 பேரில் 50 பேர் இளநீர் வாங்கினால், 40 ரூபாய் வீதம் 2,000 ரூபாய், 100 நாளைக்கு 2,00,000 ரூபாய். இது இளநீர் ஒன்றுக்கு மட்டும்.

இக்கணக்கின் எண்கள் ஊருக்கு ஊர் மாறும். ஆகவே அங்கத்தினர்கள் ஒரு சனிக்கிழமையும் ஒரு புதன்கிழமையும் சாலையோரத்தில் ஒருவரை அமர்த்தி, வந்த வண்டிகளை எண்ணச் செய்து, தம் ஊரின் எண்களை இங்கே போட்டுப் பார்க்கவேண்டும். எண்ணாமல் கட்டிய கழிப்பிடம் ஒன்று பூட்டிக் கிடக்கும். அல்லது நிரம்பி வழியும்.

உழவருக்குரிய பங்கு

சாரல் காலம் கார் சாகுபடிக் காலமும் ஆகும். வயலை விட்டுவிட்டுச் சாலையில் கடை போடுவது உழவருக்கு இயலாது. ஆகவே பத்துப் பதினைந்து உழவர் சேர்ந்து ஒரே கடை வைத்து, முறைவைத்து ஒருவர் அமர்வதே நடைமுறைக்கு ஏற்றது. தேங்காய், இளநீர், எலுமிச்சை, மாங்காய், வாழைப்பழம், சிறு வெங்காயம், நாட்டுக்கோழி முட்டை ஆகியவற்றை எடை குறித்து, விலை எழுதி வைக்கவேண்டும். விலை எழுதாத கடையில் வெளியூரார் பேரம் பேசத் தயங்கி விலகிவிடுவர். இடைத்தரகர் மொத்தமாக வாங்கி அதே சாலையில் விற்கும் நிலைமை ஏற்பட்டால் ஊராட்சி செய்த ஏற்பாட்டின் பயன் உழவரைச் சேராது. ஊராட்சி இடத்தில் கடை வைப்போர் சொந்த விளைச்சலையே விற்கவேண்டும் என்பதை நிபந்தனையாக்கலாம்.

வயலைக் காண வருவோர் பற்றி ஒரு சொல். சூரியகாந்தி வயலில் படம் எடுக்க உள்ளே புகுபவர் ஒரு வரிசையை மிதித்தால் அவ்வரிசையின் தண்டு முறியும். ஒரு பூவைக் கொய்தால் அப்பூவின் விதை முழுதும் நஷ்டம். வராதே என்று விரட்டினால் பகை வளரும். வா என்று விட்டுவிட்டால் பயிர் போகும். இரண்டுக்கும் இடையே வழி உண்டு. முதிர்ந்த சூரியகாந்திப் பூ கிழக்கு நோக்கியே நிற்கும். ஆகவே வயலின் கிழக்கு வரப்பில் ஆறடி அகலம் பயிரின்றி விட்டு, கயிறு கட்டி, அங்கே நின்று படம் எடுக்கச் சிறு கட்டணம் வாங்கலாம். கிணற்றுப் பாசனம் உள்ளோர் நாலைந்து பேர் கூடிப் பேசி, பத்து நாள் இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக விதைத்தால், பூக்கும் காலம் நீளும். கூட்டமும் ஒரே வயலில் விழாது. நெல் வயலில் நட்ட முதல் மாதத்தில் எவரையும் வரப்பில் ஏற்றவேண்டா. வரப்பு உடைந்தால் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போகும். வழக்கு ஊராட்சிக்கு வரும்.

நீரே முதல்

பண்பொழி வட்டாரத்தின் உயிர் அனுமன் நதி. 132 அடி உயரமுள்ள அடவிநயினார் அணை அதன் நீரைத் தேக்குகிறது. அந்நீரே இறங்கி ஆய்க்குடி வழியாக ஓடுகிறது. மேக்கரையில் ஒருவர் எறிந்த பொருள் ஆய்க்குடியில் கரை ஏறும் என்பதை இரு ஊராரும் உணரவேண்டும். செங்கோட்டைப் பக்கத்துக் குண்டாறு அணை 36 அடி உயரமே உடையது; சிறிய அணை விரைவில் நிரம்பும், விரைவில் வழியும். இத்தகைய இடங்களில் குளிப்பவர் எண்ணெயும் சவர்க்காரமும் தேய்த்துக் குளிப்பதைத் தடுக்கவேண்டும். குற்றால அருவிகளில் இவற்றுக்குத் தடை உள்ளது. அங்கே விலக்கப்பட்டது இங்கே அனுமதிக்கப்பட்டதென்றால், குற்றாலத்து அழுக்கு நம் ஓடைக்கு இடம் மாறிவிடும்.

இதனினும் பெரிய ஆபத்து, வருவோரைக் கவர்வதற்காக ஓடை நீரைத் தனியார் நிலத்திற்குத் திருப்பிச் செயற்கை அருவி அமைப்பதாகும். இவ்வட்டார மலையடிவாரங்களில் எழுந்த இத்தகைய அருவிகள் குறித்து 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்டு நடவடிக்கைக்கு ஆணையிட்டது. நீரோட்டம் எவருக்கும் தனிச் சொத்தன்று. மேலே ஒருவர் மறித்தால் கீழே கடைமடைக்காரர் நிலம் காயும். புதிதாக விடுதியோ அருவியோ அமைக்க முயலும் செய்தி கேட்டதும், அனுமதி பெற்றதா, எந்த ஓடையின் நீர் என்று விசாரிப்பது ஊராட்சி அங்கத்தினரின் கடமை. வருவோர் தரும் வருமானம் ஆண்டில் 100 நாள் வரும். நீர் தரும் வருமானம் தலைமுறை தலைமுறையாக வரும். ஒன்றுக்காக மற்றொன்றை இழப்பது அறிவுடைமை ஆகாது.

பிற இடங்கள் கற்பிப்பவை

கேரளத்துத் தென்மலையில் சூழல் சுற்றுலா தொடக்கத்திலிருந்தே திட்டமிட்டு அமைக்கப்பட்டது. எங்கே நடப்பது, எங்கே உண்பது, எங்கே விளையாடுவது என்று பகுதிகளைப் பிரித்துவைத்தமையால், வருவோர் கண்ட இடத்தில் திரியவேண்டிய நிலை இல்லை. இவ்வளவு பெரிய ஏற்பாடு நம்மால் இயலாவிடினும், நிறுத்துமிடம் ஒன்று, உண்ணுமிடம் ஒன்று, வழி ஒன்று என்று குறித்துவைப்பது எந்த ஊராலும் இயலும்.

நீலகிரியும் கொடைக்கானலும் வேறொரு பாடம் கற்பிக்கின்றன. வண்டிகள் அளவின்றிப் பெருகியமையால் நீதிமன்றம் தலையிட்டு, 2024 மே 7 முதல் அங்கே செல்வோர் இ-பாஸ் பெறவேண்டும் என்ற முறை வந்தது. தொடக்கத்தில் எண்ணாத இடத்தில் பின்னால் எண்ணவேண்டி வந்தது. நீலகிரியில் 2022இல் மதுப் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அத்தொகையைத் திருப்பித் தரும் ஏற்பாடு தொடங்கப்பட்டது. இந்த முறையையே அடிவாரத்துக் கடைக்காரர்கள் ஒன்றுகூடித் தண்ணீர்ப் பாட்டிலுக்குக் கையாளலாம். பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும் என்றால் பாட்டில் வாய்க்காலுக்குப் போகாது. போனாலும் எடுத்துவர ஒருவர் இருப்பார். ஒரு முறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. உணவுக்கு வாழையிலையும் பொருளுக்கு மஞ்சள் பையும் நம்மிடமே உள்ளன.

யார் எதைச் செய்வது

பண்பொழி ஒரு பேரூராட்சி. அதனைச் சூழ உள்ள சிற்றூர்கள் ஊராட்சிகள். கோயில் இந்து சமய அறநிலையத் துறையைச் சார்ந்தது, அணை நீர்வளத் துறையினுடையது, காடு வனத்துறையினுடையது, விடுதிகளோ குற்றாலத்தில். ஆகவே எவரும் தனியாக எதையும் செய்துவிட முடியாது. சாரலுக்கு முன் இவர்கள் அனைவரையும் ஒரு முறை கூட்டிப் பேசி, வேலைகளைப் பங்கிட்டு எழுதிக்கொள்வதே முதற் படி.

இதற்கு ஏற்ற நாட்கள் நம் கையிலேயே உள்ளன. மே 1 கிராம சபையில் திட்டத்தை வைத்து ஒப்புதல் பெறலாம். சாரலுக்கு ஒரு மாதம் இருக்கும். ஆகஸ்டு 15 கிராம சபையில் நடுக்காலக் குறைகளைக் கேட்டுத் திருத்தலாம். அக்டோபர் 2 கிராம சபையில் வரவு செலவுக் கணக்கை வாசித்து ஒப்படைக்கலாம். மே மாதத்திலேயே பயணத் திட்டத்தை ஒரே தாளில் அச்சிட்டு விடுதிகளுக்கும் கார் நிலையங்களுக்கும் அனுப்பவேண்டும். சென்னையிலிருந்து பொதிகை விரைவு வண்டியில் தென்காசியில் வந்து இறங்குவோரிடம் சொந்த வண்டி இராது. அவர்களுக்காகப் பேருந்து நேரங்களையும் அத்தாளில் சேர்க்கவேண்டும். அறிவிப்புப் பலகைகள் தமிழிலும் மலையாளத்திலும் இருக்கட்டும். செங்கோட்டை வட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணையும்வரை திருவிதாங்கூர்–கொச்சியைச் சேர்ந்ததாக இருந்தமையால், மலையாளம் எழுதத் தெரிந்த முதியோர் நம் ஊர்களில் இன்றும் உளர்.

கிராம சபையில் கேட்கவேண்டிய வினாக்கள்

இக்கட்டுரையைப் படித்த அங்கத்தினர்கள் கீழ்க்காணும் வினாக்களைத் தம் ஊரின் கிராம சபையில் எழுப்பி விடை காண வேண்டுகிறோம்.

1. சென்ற சாரல் காலத்தில் நம் ஊருக்கு நாளொன்றுக்கு எத்தனை வண்டிகள் வந்தன? எண்ணியவர் யார்?

2. வந்தோர் எங்கே நின்றனர்? அந்த இடம் யாருடையது?

3. பெண்களுக்குத் தனிக் கழிப்பிடம் உண்டா? அதன் கழிவு கிணற்றுக்கோ வாய்க்காலுக்கோ சேராமல் உள்ளதா?

4. அவர்கள் வாங்கிய பொருள்களில் நம் ஊரில் விளைந்தவை எவை?

5. எந்த மடையில், எந்தக் கலிங்கில் குப்பை சேர்ந்தது? அதனை அகற்றியவர் யார்? கூலி கொடுத்தவர் யார்?

6. அருவியில் தடை என்ற செய்தி வந்தால் நம் ஊரில் ஆற்றங்கரைக்குச் சென்று நிற்கும் பொறுப்பு யாருக்கு?

இவ்வாறு வினாக்களுக்கும் எழுதப்பெற்ற விடை ஊராட்சி அலுவலகத்தில் இருக்குமாயின், அவ்வூர் ஒரு நாள் பயணத்திற்கு ஆயத்தமாகிவிட்டது என்று கொள்ளலாம். முதலாவதற்கு விடை இல்லாவிடின், வரும் சனிக்கிழமை காலை 9 மணிக்குச் சாலையோரத்தில் ஒருவரை நோட்டுப் புத்தகத்தோடு அமர்த்துங்கள். மற்றவை அதிலிருந்து தொடங்கும்.